மூன்று பொய்க் கடிகாரங்கள்

மார்ச் 3, செவ்வாய்

குடோனுக்குத் தள்ளி இரண்டாவது வாரம். வானொலி நிலையத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்த்தவள் நான். இன்றைய வேலை: செத்துப்போன கீபோர்டுகளைத் துடைத்து அடுக்குவது.

தலைமைப் பொறியாளர் (முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் 'துரை') வாசலில் நின்று, "இங்க நிம்மதியா இருக்கும்மா உனக்கு" என்று இளித்தார். நான் லீவில் இருந்தபோது, ஒலிபரப்புக் கணினி நெட்வொர்க்கில் மணி கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்வதை நிறுத்தியது இவர். மணி பிசகி, செய்தி பாதியில் அறுந்தது. விசாரணையில் பழி என் தலையில். இவரோடு சேர்த்து மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆபரேட்டர் பையன் மட்டும் (உயரத்தைப் பார்த்து எல்லாரும் கூப்பிடுவது 'நெட்டை') யாரும் கூப்பிடாமலே வந்து, கதவோரம் நின்று, "அக்கா மேல தப்பில்ல சார்" என்றான். யார் காதில் விழுந்தது?

இந்த ஆளை அழவைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மார்ச் 5

வீட்டுக்காரர், "விட்டுத் தள்ளு, வேற வேலை பாத்துக்கலாம்" என்கிறார். இவருக்கென்ன. வயிறெரிவது எனக்கு.

மார்ச் 9, திங்கள்

இருபதாம் தேதி ஆண்டு விழா. பத்து மணிக்கு முதலாளி நேரலையில் பேசுகிறார். கண்ட்ரோல் ரூமில் தானே உட்காரப்போவதாகத் துரை அறிவித்திருக்கிறார். உட்காரட்டும். முதலாளி எதிரிலேயே மூக்கறுபடட்டும்.

என் பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை, சோம்பேறி.

மார்ச் 11

குடோனில் கிடந்த பழைய கணினி ஒன்றை எழுப்பி, நாலு நிமிடம் பிந்திய மணி சொல்லவைத்தேன். ஒலிபரப்புக் கணினி மணி கேட்கும் இடங்களில் இதையும் சேர்த்தேன். ஊஹூம்! மற்ற மூன்று இடங்களும் ஒத்துச் சொல்வதை நம்பி, மாறிச் சொல்வதைப் பொய்யென்று தள்ளிவிட்டது. அப்படித் தள்ளும்படி அன்று அமைத்துவைத்ததே நான்தான். என் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ.

மார்ச் 12

குளிக்கும்போது உறைத்தது. என்னை எப்படிக் கவிழ்த்தார்கள்? ஒரே பொய்யை மூன்று வாய் சொன்னது. அவ்வளவுதானே!

இன்னும் இரண்டு கணினிகளை எழுப்பி, அதே நாலு நிமிடம் பிந்திய மணியைச் சொல்லவைத்துவிட்டேன். ஆக, பொய் மூன்று. விழாவன்று காலை, உண்மை சொல்லும் இடங்களில் இரண்டைத் தூக்கிவிடுவேன். ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். என்னைப் போல, யாரும் கேட்காத உண்மையைச் சொல்லிக்கொண்டு.

மார்ச் 20, வெள்ளி

நடந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். ரேடியோவிலோ இருமல் மருந்து விளம்பரம்! கண்ட்ரோல் ரூம் சுவர்க் கடிகாரமும் ஒலிபரப்புக் கணினியைக் கேட்டு ஓடுவதுதான்; அங்கே பத்தாக இன்னும் நாலு நிமிடம். முதலாளி பேச்சு பாதியிலிருந்துதான் ஊருக்குக் கேட்டது. குடோனில் தனியாக வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த கையோடு, மணி கேட்கும் இடங்களைப் பழையபடி ஆக்கிவிட்டேன்.

மத்தியானம்தான் தெரிந்தது. போட்டோவுக்காகத் துரை முதலாளி பக்கத்தில் போய் நின்றுகொண்டாராம். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தது நெட்டை. "கண்ணாடி வழியா பாத்தேன் சார், ஒத்திகை பாக்கறார்னு நெனச்சேன்" என்றானாம். எல்லார் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாராம் துரை.

மார்ச் 21

ஏன்டா போய் உக்காந்த? உன்ன யார்டா உக்காரச் சொன்னது?



மார்ச் 24

துரை கூப்பிட்டனுப்பினார். "நீ இருந்தவரைக்கும் இப்படி நடந்ததே இல்லம்மா. பழைய சீட்டுக்கே வந்துடு." போன மாதம் வேறு மாதிரி பேசியதும் இதே வாய்தான். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. "சரிங்க சார்" என்றேன்.

மூன்று கணினிகளிலும் இருந்ததை அழித்துவிட்டு, பரண்மேல் ஏற்றினேன்.

மார்ச் 26

குடோன் இனி நெட்டைக்கு. சாவியைக் கொடுக்கப் போனேன். முகம் சுண்டிப்போயிருந்தது.

"கடிகாரம் தானா பிசகாதுக்கா. எவனோ வேணும்னே பண்ணிருக்கான். அவன் கையில மட்டும் கிடைக்கட்டும், சும்மா விடமாட்டேன். இந்த இடத்துல உங்களத் தவிர நான் யாரயும் நம்பல. கூட நிப்பீங்களாக்கா?"

"நிக்கறேன்டா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான்.