பச்சை ஸ்டிக்கரை நம்பாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீயும் நல்லா இருக்கிறதா நேத்து சொன்னே, அதைத்தான் நான் முழுசா நம்பலை. போன்ல பேசினா சரிம்மா சரிம்மான்னு பாதியில வச்சிடுறே, அதான் உட்கார்ந்து எழுதுறேன், அப்பா போட்டோ எடுத்து இப்பவே அனுப்புவார், முழுசா படி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலாம், டாக்டர் சொன்ன நடையை மட்டும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுறார். அண்ணன் புது ஆபீஸ்ல சேர்ந்தாச்சு, மேனேஜர் ரொம்ப நல்லவராம், இவன் யாரைத்தான் கெட்டவன்னு சொல்லியிருக்கான்.

கீழ் வீடு காலியாச்சே, அடுத்த ஆளைக் குடிவைக்கிறதுக்கு முன்னாடி வயரிங்கைச் சோதிக்கணும்னு அப்பா ஒருத்தரை வரவழைச்சார். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடிக்கலை. நல்லா இருக்கிற சுவிட்சையெல்லாம் போச்சுன்னு சொல்லி மாத்த வைக்கத்தான் வந்திருக்கார்னு நினைச்சு, அடையாள அட்டையை வாங்கி முகத்தோட ஒத்துப் பார்த்து, ரூம் ரூமா பின்னாடியே போனேன். இவளுக்குப் போலீஸ் வேலை தப்பிப்போச்சுன்னு அப்பா அவர்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறார். வந்தவர் முதல் வேலையா மொத்த வீட்டுக்கும் மெயினை அணைச்சார். ஃபேன் நின்னு, பிரிட்ஜ் நின்னு, எனக்கு ஒரே எரிச்சல். எதுக்கு இதுன்னு கேட்டேன். கரன்ட்டை நிறுத்தாம வயரைச் சோதிக்க முடியாதும்மா, நிறுத்தாமலே பார்த்தேன்னு யாராவது சொன்னா அவங்க பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்னார். அப்புறம் குளியலறை ஹீட்டரைக் கழட்டிக் காட்டினார், ஷாக் அடிக்காம காப்பாத்துற எர்த் வயர் எதுலயும் சேராம சும்மா தொங்குது. ஐயோ, அந்தக் குளியலறையிலதான் போன குடித்தனக்காரங்க கைக்குழந்தையைக் குளிப்பாட்டினாங்க.

அவர் போனப்புறம் பார்த்தா மைக்ரோவேவ் கடிகாரம் சைபர் சைபர்னு மினுக்கிட்டு நிக்குது. அதுக்கு நேரம் வைக்கத் தெரியாம திட்டிக்கிட்டு நின்னப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு. ஹீட்டர் போட்டுட்டுக் குழாயைத் தொட்டா சுருக்குங்குதுன்னு நீ சொன்னதுக்கு, நீ ஆபீஸ் போயிருந்த நேரமா பார்த்து உன் ஹவுஸ் ஓனர் ஆள் கூட்டிட்டு வந்து, சோதிச்சாச்சு, எல்லாம் சரின்னு போர்டுல பச்சை ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனாரே. அதனாலதான் நேத்து போன் பண்ணி உன் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பத்திக் கேட்டேன். குடிவந்த அன்னிக்கு வச்சது, இங்கே கரன்ட்டே போறதில்லை, அப்புறம் தொட்டதே இல்லை, சரியா ஓடுது, இதைக் கேட்கவா போன் பண்ணினேன்னு சிரிச்சே. எனக்குச் சிரிப்பு வரலை. மெயினை அணைச்சிருந்தா அது எப்படி ஓடும்? உன் வீட்டுல எவனும் எதையும் சோதிக்கலை, ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டியிருக்காங்க. ஓனரே நேரத்தைத் திருப்பி வச்சிருப்பார்ங்கிறார் அப்பா. மாடிப்படி பல்பையே நீதான் மாத்தினே, அந்த மனுஷன் உன் கடிகாரத்துக்கு நேரம் வைக்கப் போறாராக்கும்.

இப்ப அந்தச் சுருக்கே பழகிப்போச்சும்மான்னு வேற சொல்றே. அடிப்பாவி, கரன்ட்டு என்ன பக்கத்து வீட்டு நாயா, பழகுறதுக்கு? ஓனர் உன்னை வார்த்தைக்கு வார்த்தை மகளேன்னு கூப்பிடுறார், தப்பா நினைப்பார்னு தயங்குறே. நினைச்சுட்டுப் போகட்டும். ஒரு நாள் லீவு போடு, நீயா ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, மெயினை அணைக்கிறாரான்னு பக்கத்துலயே நின்னு பாரு. அதுவரைக்கும் ஹீட்டரைத் தொடாதே, உன்கூட வேலை செய்யற பொண்ணு வீட்டுல போய்க் குளி. ஓனர் முடியாதுன்னா பெட்டியைக் கட்டு, ஆபீஸ் பக்கம்ங்கிறதுக்காக அங்கேயே கிடக்க வேண்டாம்.

எல்லாம் சரியா இருக்குன்னு அந்த எலக்ட்ரீஷியன் சொல்லிட்டா, ஆயுசுக்கும் என்னைக் கேலி பண்ணு. கேலி பண்ண நீ இருக்கணும், எனக்கு அது போதும். நோய் நொடி இல்லாம நூறு வயசு இரு. படிச்சதும் போன் பண்ணு, மெசேஜ் போடாதே, எனக்கு உன் குரலைக் கேட்கணும்.

தூக்கம் வராத
உன் அம்மா