உச்சி வெயிலில் தானாகத் திறந்த மடை

பாய்,

இன்றைக்கும் சந்தன வாசனை வந்தது. மார்கழி வெயில் உச்சிக்கு ஏறியதும் மடைமேல் இருக்கும் உங்கள் தகரப் பெட்டி சூடாகும். அப்போது மூடியின் இடுக்கிலிருந்து அந்த வாசனை கிளம்பும். உங்கள் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது வருமே, அந்த நெடியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். நீங்கள் எனக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் இருக்க மாட்டீர்கள். அதனால் பார்க்காமலேயே கொஞ்ச நேரம் நிற்பேன்.

இதை நானே எழுதுகிறேன், பாய். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. இதுவரை எழுதியதற்கே இரண்டு நாள் ஆயிற்று. 'நீங்கள்' என்று எழுதி முடிப்பதற்குள் பேனா மூன்று தடவை நின்றது. முடித்ததும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயதில் ஒருவன் தன் கையெழுத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்ததை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

என் முட்டி பிடித்துக்கொண்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மடையைத் திறக்க ஒரு நடை, மூட ஒரு நடை. வழுக்குகிற வரப்பில் என்னால் முடியவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து புலம்பினேன். வளைகுடாவில் இருபது வருஷம் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்து, மிக்ஸியும் ஃபேனும் சரிசெய்துகொண்டிருந்தவர் நீங்கள். அது சோற்றுக்கு. ஆசைக்கு, பழைய சாமான்களைக் கோத்து எதையாவது ஓடவைத்துக்கொண்டே இருப்பீர்கள். பேசுவதற்கு முன்னால் நாக்கை 'டிக்' என்று ஒரு தட்டுத் தட்டுவது உங்கள் வழக்கம். அன்றும் தட்டினீர்கள்.

"மடைக் கதவுக்கு ஒரு மோட்டார் வெச்சிடுவோமாண்ணே?"

லாரிக் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் மோட்டார் ஒன்று கடையில் கிடந்தது. அதில் மரை போட்ட கம்பியைச் சேர்த்தீர்கள். கம்பி சுற்றினால் இரும்புத் தகட்டுக் கதவு ஏறும், திரும்பிச் சுற்றினால் இறங்கும். வயலில் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் அது பெட்டிக்குச் சொல்லும். மேலே சோலார் தகடு, கீழே பேட்டரி. பெட்டிக்குள் ஒரு சின்ன போர்டும், அதன்மேல் நீல நிறத்தில் சீனிக்கட்டி மாதிரி இரண்டு சாமானும்.

"அது என்ன பாய், ரெண்டு?"

"ரிலேண்ணே. இந்தப் போர்டு குடுக்குற கரண்ட் எறும்பு. மோட்டார் எருமை. எறும்பு சொன்னா எருமை நகருமா? அதுக்குத்தான் இவன். எறும்பு வந்து காதுல சொன்னா, டிக்குனு பெரிய கரண்டத் தட்டிவிடுவான்."

"சரி, அதுக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

"ஒருத்தன் புடிச்சா கதவு ஏறும். மத்தவன் புடிச்சா பிளஸ் மைனஸ் மாறிப் போயி மோட்டார் திரும்பிச் சுத்தும், கதவு இறங்கும். ரெண்டு பேரும் சேந்து புடிச்சா ஒண்ணும் நடக்காது. உங்க ஊட்டுல நீங்களும் அண்ணியும் சேந்து பேசுற மாதிரி."

கதவை நாமாகவும் ஏற்றி இறக்க, வெளியே பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான் வைத்தீர்கள். கடைசியில் மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, மேலே டேப் ஓட்டினீர்கள்.

"இது என்ன?"

"கடுதாசி. உங்களுக்குத்தான்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

"சாயங்காலம் பள்ளிக்கூடத்துல பெரியவங்களுக்கு வகுப்பு எடுக்குறாங்கள்ல? போங்க. போயி நீங்களே படிங்க. அடுத்தவன விட்டுப் படிச்சீங்கன்னு தெரிஞ்சுது, என் கடைப்பக்கமே வராதீங்க."

சரி என்று உங்கள் கைமேல் கை வைத்தேன். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஆனி மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தின்போது உங்கள் ஆட்கள் எனக்கும் இடம் விட்டார்கள், நானும் மூன்று பிடி மண் போட்டேன். அந்த மண் நகக்கண்ணில் இருந்தபோதே வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் பலகையில் 'அ' போடச் சொன்னபோது நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில்தான் அது நடந்தது. ஒரு வாரம் அடைமழை. சம்பா நட்டு இருபது நாள். வாய்க்கால் கரை முட்டப் போகிறது. வயலிலும் வேண்டிய தண்ணீர் நிற்கிறது. கதவு மூடியிருந்தது. அன்றைக்கு மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வெளியில் யாரும் இல்லை. தவளைச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. வயலில் மேய்ந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. சத்தமில்லாமல் எழுந்தன. அப்புறம் பெட்டிக்குள் 'டிக்' என்றது.

நீங்கள் பேசப்போகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், பாய்.

கம்பி தானாகச் சுற்றியது. கதவு மெதுவாக ஏறியது. தண்ணீர் வயலுக்குள் நுழைந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், மூடிக்கொண்டது. மறுநாளும் அதே வேளை, நீங்கள் மதியத் தொழுகை முடித்துவிட்டு மொபெட்டில் வருவீர்களே, அந்த வேளை. கொக்கு எழுந்தது, 'டிக்', கதவு ஏறியது.

கீழ்ப்பக்கத்து வயல்காரன், என் தம்பி மகன் கோவிந்தனும் அன்று பார்த்துவிட்டான். என் வயல் வழிந்தால் முதலில் அவன் பயிர்தான் மூழ்கும்.

"பெரியப்பா, பாய் போயும் போகலபோல. அந்தப் பெட்டியப் புடுங்கிப் போடுங்க. இல்லேன்னா நான் போடறேன்."

மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்தான். கதவு ஏறியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் இன்னொரு 'டிக்'. கதவு அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அசையவே இல்லை. யாரோ மேலே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற மாதிரி. பயிர் நுனி ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போனது.

கோவிந்தன் கடப்பாரையைத் தூக்கினான். நான் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். அதை உடைத்தால் மறுபடி செய்து தர யார் இருக்கிறார்கள்? உங்கள் கை செய்ததில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

"இருடா, உள்ள ஒரு கடுதாசி இருக்கு. படிக்கணும்."

"தண்ணி ஏறுது, இப்பப் போயி பாடம் படிக்கிறேங்கிறீங்க! தள்ளுங்க, நான் படிக்கிறேன்."

"நீ படிக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பு."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ஆனாலும் திரும்பிக்கொண்டான். முழங்கால் தண்ணீரில் நின்று மூடியைத் திறந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன்.

"க… த… வு. கதவு. தா… னா… க. தானாகத் திறந்தா பயப்படாதீங்க."

நீங்கள் இறந்து நாலு மாதம். என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்ததுபோல் எழுதியிருந்தீர்கள். அதைவிட ஒன்று. வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் பேச்சு உங்களுடையது. அந்த இழுப்பு, அந்தக் கேலி, எல்லாம். கோவிந்தன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

"யாரு பெரியப்பா பேசுனது?"

"நான்தான்டா."

"சிவப்பு வயரக் கழட்டுங்க. மோட்டார் ஆணிய உருவுங்க. கம்பியக் கையால சுத்தி மூடுங்க." படிக்கப் படிக்க அவன் கடப்பாரையை வைத்துவிட்டு வந்து, சொன்னபடி செய்தான். வயரைக் கழற்றியதும் இரண்டு 'டிக்' கேட்டது, பிடித்த கை விட்டதுபோல. கதவு இறங்கியது. வடிகாலை வெட்டிவிட்டோம். சாயங்காலத்துக்குள் பயிர் தலை தூக்கியது, அவனுடையதும் என்னுடையதும்.

அதற்கு அடுத்த வரியைக் கரையில் உட்கார்ந்து படித்தேன். "ஆயுத பூஜைக்கு உள்ள சந்தனம் குங்குமம் வெக்காதீங்கண்ணே. நீங்க வெப்பீங்க, எனக்குத் தெரியும். வெளிய வைங்க."

வைத்திருந்தேன், பாய். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் மருந்தடிக்கிற டேங்குக்கும் வைத்த கையோடு, உங்கள் நினைவாகப் பெட்டியைத் திறந்து, இரண்டு ரிலேக்கும் போர்டுக்கும் தாராளமாகக் குழைத்து அப்பியிருந்தேன். உள்ளே வேலை செய்கிறவனுக்குத்தானே பொட்டு என்று நினைத்தேன். அப்போது உங்கள் தாளைக் கூட்டிப் படிக்க எனக்கு வரவில்லை.

உங்கள் கடைக்கு எதிரே மோட்டார் காயில் கட்டுகிறவர் வந்து, ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்குகிற பிரஷ்ஷும் வைத்துப் போர்டைச் சுத்தம் செய்தார். மழை ஈரத்தில் பொட்டு இளகி, அதன் வழியாக எறும்புக் கரண்ட், கதவை ஏற்றுகிற ரிலேக்குக் கசிந்திருக்கிறதாம். வெயில் உச்சிக்கு வந்து பேட்டரி நிறையும்போதுதான் அதைப் பிடிக்கவைக்கிற பலம் வந்திருக்கிறது. அது விடாமல் பிடித்திருந்த நேரத்தில் நான் சிவப்பை அழுத்த, இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன அதே கணக்குத்தான். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் 'டிக்' கேட்பதற்கு முன்னாலேயே கொக்குகள் ஏன் எழுந்தன என்று அவரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கதவு தானாகத் திறக்கவில்லை. மறுநாள் உச்சியில் போய் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. பயந்த மூன்று நாளைவிட அன்றைக்குத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தாளில் கடைசி வரி ஒன்று டேப்புக்கு அடியில் மங்கிப் போயிருந்தது. அன்றைக்கு அது எனக்குப் பிடிபடவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. வகுப்பில் இன்னும் ஒரு மாதம் போன பிறகு, இந்த மாதம்தான் படித்தேன்.

"படிச்சிட்டீங்கள்ல? பதில் போடுங்க."

அதனால்தான் இது. உங்கள் கடை பூட்டிக் கிடக்கிறது, தபாலில் போட்டுப் பயனில்லை. மடித்து பிளாஸ்டிக் பையில் வைத்து, மூடியில் உங்கள் தாளுக்குக் கீழே ஒட்டிவைக்கிறேன். போர்டில் படாமல் ஒட்டுவேன். பொட்டு வைக்க மாட்டேன்.

கதிர் வந்துவிட்டது, பாய். வயலில் தண்ணீர் குறைந்தால் இப்போதும் 'டிக்' கேட்கிறது. எங்கே நின்றாலும் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று.