என் கணவர் எழுதிய ஓர் அளவும் நான் எழுதிய முப்பத்தொரு அளவும்

யோகராசா சின்னத்தங்கம்,
ஆற்றங்கரை வீதி,
பனிச்சங்கேணி, வாகரை.

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: ஆற்று நீர்மட்டம் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுப் புத்தகத்திலுள்ள பிழையைத் திருத்தும்வரை, ஆற்றுவாய் வெட்டும் அளவைத் தீர்மானிக்க வேண்டாம் எனக் கேட்பது

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை நானே எழுதுகிறேன். விடயம் என்று மேலே போட வேண்டும் என்பதை மட்டும் மகள் தனுஷா சொல்லித் தந்தாள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கீழே உள்ள இலக்கங்களில் பிழை இல்லை.

1. என் கணவர் கணபதிப்பிள்ளை யோகராசா ஆற்றில் மீன் பிடித்தவர். 2021 ஜனவரியில் பல்கலைக்கழகத்தார் எங்கள் துறையடியில் சென்ரிமீற்றர் கீறிய ஒரு கம்பை நட்டார்கள். தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதும் வேலையை இவரிடம் கொடுத்தார்கள். ஆய்வுக்காக வந்துபோனது நிருஷா என்ற பிள்ளை. "ஐயா, ஒரு நாளும் விடுபடக் கூடாது. விடுபட்டா முழுக் கணக்கும் பிழைச்சிடும்" என்று முதல் நாளே சொன்னது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போகும். கொப்பிகள் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

இவர் காய்ச்சலிலும் போனார். மூத்த மகளின் கலியாணத்தன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். துறையில் நிற்பவர்கள் "புரொபெசர் வாறார், வழி விடுங்கடா" என்று பகிடி பண்ணுவார்கள். ஏறாவூரிலிருந்து மீன் எடுக்க வரும் றவூப் நாநா, "நம்மட கம்பு இன்டைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு பேசுவார். இவர் கோபிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். உள்ளுக்குச் சந்தோசம் என்று எனக்குத் தெரியும்.

2. 2023.12.08 அன்று கம்பில் 118. அன்றிரவு விடிய விடிய மழை. மேலே குளத்துக் கதவுகளையும் திறந்தார்கள். 09ஆம் திகதி காலை இவர் நெஞ்சளவு தண்ணிக்குள் போய்ப் பார்த்து வந்து 162 என்று எழுதினார். அந்த இலக்கத்தில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது. "அரிசி மூடையைத் தூக்கி மேசையில வை, இது வீட்டுக்குள்ள வரும்" என்றார். வந்தது. பத்து மணிபோல் நெஞ்சு நோ என்று படுத்தார். அம்புலன்சுக்குச் சொன்னோம். எங்கள் வீதியிலுள்ள மதகுப் பாலத்துக்கு மேலால் தண்ணி பாய்ந்ததால் அவர்களால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. அவர்களில் குற்றம் இல்லை. தோணியில் ஏற்றிக்கொண்டு போனோம். மதகடிக்குப் போக முன்னமே முடிந்துவிட்டது.

3. எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் முடியும்வரை நான் படலையைத் தாண்டவில்லை. கம்பைப் பார்த்துவர வேறு யாரையும் கேட்கவும் இல்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு கொப்பியைத் திறந்தேன். 162க்குக் கீழே வெறும் கோடுகள். ஒரு நாள் விடாமல் எழுதின மனிசனின் கொப்பி அப்படிக் கிடப்பதைப் பார்க்க ஏலாமல் இருந்தது. முதல் வருடக் கொப்பியை எடுத்து, அதே திகதிகளில் அவர் எழுதியதைப் பார்த்து, ஒன்றிரண்டைக் கூட்டியும் குறைத்தும் விடுபட்ட நாட்களை நிரப்பினேன். பிறகு ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்குக் கொப்பியோடு இருந்து ஒன்றை எழுதினேன். மார்கழித் தண்ணி எல்லா வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்தேன். 162ஐ மட்டும் தொடவில்லை. அது அவருடைய கை.

ஆகவே 2023.12.10 முதல் 2024.01.09 வரை உள்ள முப்பத்தொன்றும் நான் ஆற்றைப் பாராமல் எழுதியவை. ஜனவரி 10 முதல் உள்ளவை நான் தண்ணிக்குள் இறங்கிப் பார்த்து எழுதியவை. அவை உண்மை.

4. ஜனவரி கடைசியில் வந்தபோதுதான் நிருஷா பிள்ளைக்கு இவர் இல்லை என்று தெரியும். என்னைக் கட்டிப் பிடித்து அழுதது. கொப்பியைப் புரட்டி, "அப்பவும் ஒரு நாள் விடல்லையே அம்மா" என்றது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

5. இந்த வருடம் யூன் மாதம் பாடசாலை மண்டபத்தில் புத்தகத்தை வெளியிட்டார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் இவர் பெயர் இருக்கிறது. 43ஆம் பக்கத்தில், 2023.12.09 அளவு முன்பின் நாட்களோடு ஒத்துவராதபடியால் "வாசித்தவரின் தவறு" என நீக்கப்பட்டது என்று இருக்கிறது. தனுஷா வாசித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். ஐயா, அவர் 162 எழுதியதற்கு அடுத்த நாள் நான் எழுதியது 115. ஒரே நாளில் அவ்வளவு இறங்குமா என்று அவர்கள் நினைத்ததில் ஞாயம் இருக்கிறது. என்னுடைய பொய் ஒழுங்காக வரிசையில் நின்றபடியால் அவருடைய உண்மை பிழையாகத் தெரிந்தது.

6. இவ்வளவுதான் என்றால் வீட்டுக்குள் அழுதுவிட்டு இருந்திருப்பேன். புத்தகத்தின் கடைசியில், தண்ணி இந்த வருடங்களில் 131க்கு மேல் ஏறவில்லை, ஆகவே 140 ஆன பிறகு ஆற்றுவாயை மூடியிருக்கும் மணலை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விட்டால் போதும், மீனுக்கும் றாலுக்கும் அதுதான் நல்லது என்று எழுதியிருக்கிறது. ஒக்டோபரில் உங்கள் தலைமையில் நடக்கும் கூட்டத்தில் அதையே எடுக்கப்போவதாகக் கிராம சேவையாளர் சொன்னார். மீன் பெருகுவது எங்களுக்கும் விருப்பம். எங்கள் சோறு அதில்தான். ஆனால் 140இல் மதகுக்கு மேலால் தண்ணி பாயத் தொடங்கும். பிறகு வாய் வெட்டுகிற பெக்கோ மெசினும் வராது, அம்புலன்சும் வராது. இந்தப் பக்கம் அறுபத்திரண்டு குடும்பம் இருக்கிறது.

7. யூலையில் நிருஷா பிள்ளைக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை ஃபோனை அவர்களுடைய பெரிய சேரிடம் கொடுத்தது. அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, ஆயிரத்துச் சொச்ச நாளில முப்பத்தொண்டு பெரிய விசயமில்ல. சராசரி மாறாது. புத்தகமும் அச்சாகிட்டு" என்றார். சராசரி என்றால் என்ன என்று தனுஷாவிடம் கேட்டேன். எல்லா நாளையும் கூட்டி, நாட்களின் தொகையால் பிரிப்பது என்றாள். எங்கள் வீட்டுக்குள் தண்ணி வந்தது ஒரு நாளில்தான் ஐயா.

8. நான் சொல்வதை நம்ப வேண்டாம், விசாரிக்கவும். அந்தக் கிழமை வெள்ளம் புகுந்த வீடுகளுக்குச் சமைத்த சாப்பாடு கொடுத்த பட்டியல் கிராம சேவையாளரிடம் இருக்கிறது. றவூப் நாநா மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் விட்டுவிட்டு, மதகில் முழங்கால் தண்ணியில் நடந்து சாவீட்டுக்கு வந்தவர். ஆற்றுவாயை 13ஆம் திகதி வெட்டினார்கள். அந்தத் திகதி உங்கள் கந்தோரிலேயே இருக்கும். வாய் வெட்டினால் தண்ணி வடியும். என் எழுத்தில் 14ஆம் திகதி இரண்டு சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது. அவ்வளவு படித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

ஆகவே ஐயா, 162ஐத் திரும்பச் சேர்க்கச் சொல்லவும். "வாசித்தவரின் தவறு" என்பதை எடுக்கச் சொல்லவும். தவறு என்னுடையது, என் பெயரைப் போட்டே எழுதலாம். என் முப்பத்தொன்றையும் வெட்டிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லவும். வேறு எதையும் வைத்து நிரப்ப வேண்டாம். அந்த நாட்களில் அவர் இல்லைத்தானே. இது நடக்கும்வரை 140 என்று முடிவெடுக்க வேண்டாம். நிருஷா பிள்ளையின் படிப்புக்கு இதனால் ஒரு கரைச்சலும் வரக் கூடாது. விசாரணை என்றால் என்னைக் கூப்பிடவும், பஸ் ஏறி வருவேன்.

இன்னொன்று. எங்கள் முன்சுவரில் அந்தத் தண்ணி விட்டுப்போன சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது. தீபாவளிக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று தனுஷா பிடிவாதமாக நிற்கிறாள். நான் விடவில்லை. இந்த மழை தொடங்கினால் சுவர் ஊறிக் கோடு அழிந்துபோகும். அதற்கு முன் ஓர் ஆளை அனுப்பி, மேசன்மார் தண்ணிக் குழாய் வைத்து மட்டம் பார்ப்பதுபோல் அந்தக் கோட்டைக் கம்போடு வைத்துப் பார்க்கவும். 162க்குக் குறையாது.

தங்கள் ஆள் வரும் நாளைப் பார்த்திருக்கும்,
யோ. சின்னத்தங்கம்

இடம்: பனிச்சங்கேணி
திகதி: 2025.09.15

இணைப்பு: கணவரின் கொப்பியில் 2023 மார்கழி மாதப் பக்கத்தின் போட்டோப் பிரதி