மனுவில் விழுந்த என் ரேகை

திங்கள், ஆனி மாதம்
காலையில் சாரல். கொரோனா ஓய்ந்து, தெரு வாதாமரம் இடி விழுந்து கருகி, என் இடது காது அடைத்துப்போன பிறகு வந்த வருஷம். எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறதோ.

பேத்தி பவியைக் கூப்பிடப் பால்வாடிக்குப் போனேன். நாலு வயது. குச்சி நடுவில் கயிறு, இரண்டு பக்கமும் சிரட்டை. தராசு. ஒன்றில் எலுமிச்சை, மற்றதில் புளியங்கொட்டை.

"தாத்தா, இன்னும் ரெண்டு போட்டா சரியாயிரும்."

போட்டாள். நேராக நின்றது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தங்கராசு ஒரு காகிதத்தோடு வந்தான். குழாய்த்தண்ணி மனு என்றான். பெருவிரல் வைத்தேன். மை இன்னும் போகவில்லை.

செவ்வாய்
காற்று. வாங்க வேண்டியது: வெற்றிலை, கண்மருந்து, பவிக்குச் செருப்பு.

பால்வாடியில் பாக்கியம் டீச்சர் முகம் சரியில்லை. ஆபீசிலிருந்து போனில் வந்த படத்தைக் காட்டி வாசித்தார். எங்கள் தெரு மனு. இந்த டீச்சர் பிள்ளைகளை விளையாட மட்டுமே விடுகிறார், எழுதச் சொல்லித்தருவதில்லை, இடம் மாற்றுங்கள். கீழே ஆறு பேர்.

"இது உங்க ரேகைதான் தாத்தா. வியாழக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர்ல விசாரணை."

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

புதன்
தங்கராசு வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை கேட்டேன்.

"ஏலே, தண்ணி மனுன்னுதானே சொன்ன?"

"உள்ளதச் சொன்னா வைப்பியளா மாமா?"

"அந்த டீச்சர் பிள்ள ஒனக்கு என்னலே செஞ்சுச்சு?"

"எம் மச்சினி மவன் ராஜபாளையத்துல ஏபிசிடி முழுக்க எழுதுதான். எம் பய சிரட்டையத் தூக்கிட்டு வாரான். நீங்களும் கைநாட்டு, எங்கய்யாவும் கைநாட்டு. இவனுமா?"

திரும்பி நடந்தேன். அவன் சொன்னதும் பொய் இல்லை.

வீட்டில் பவி எல்லார் செருப்பையும் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசை கட்டியிருந்தாள். ஒன்று மட்டும் தனியே. "இதுக்கு ஜோடி இல்ல." யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த வயதில் நான் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் பொறுக்கினேன். எழுதவும் இல்லை. விளையாடவும் இல்லை. இதைத் தங்கராசிடம் சொல்லியிருக்கலாம். வாய்க்கு அப்போது வரவில்லை.

வியாழன்
முதல் பஸ். நின்றுகொண்டே போனேன், உட்கார முடியவில்லை. ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில். டீச்சர் பொறவு வந்தார். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார்.

உள்ளே விசாரிக்க ஒரு மேடம்; டீச்சர் ஓரமாக உட்கார்ந்தார்.

"அந்த மனுவுலருந்து எங் கைரேகைய எடுத்துக்கிடணும் தாயி. வேற மனுன்னு சொல்லி வாங்கிட்டான்."

"நீங்க எடுத்தாலும் மீதி அஞ்சு பேர் இருக்காங்களே பெரியவரே."

"யாரு யாருன்னு வாசிங்க தாயி."

"சீனியம்மாள்."

"அவிய போயிச் சேந்தாச்சு. கோழிக்கு அரிசி போட உக்காந்தவிய எந்திரிக்கல."

மேடம் என்னைப் பார்த்தார். அடுத்தது வாசித்தார்.

"முத்திருளன்."

"கல்லுக்கெடங்குல விழுந்தான். செருப்பு மட்டும் மேல கெடந்துச்சு."

"அய்யனு."

"வத்திராயிருப்புல மாந்தோப்புக் காவலுக்குப் போனவன். பாம்பு."

"பொன்னுத்தாய்."

ஏதோ பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறான். எவன் விரலையோ வைத்திருக்கிறான்.

"எஞ் சம்சாரம்" என்றேன். "போன மாசிக்கு மூணு வருசம்."

டீச்சர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். மேடம் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார். என் பேரையும் அடிக்கச் சொன்னேன். அடித்தார்.

"அப்போ இதுல உசுரோட மிச்சம் இருக்கது யாருதான் பெரியவரே?" என்றார் மேடம்.

"தங்கராசு" என்றேன்.