காலியாகத் திரும்பும் கன்டெய்னர்

லம்பா லைன், போர்ட் பிளேர்
8.6.2025

திரு. கோவிந்தராஜ் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கோபம் வேறு, அது வேறு. உங்கள் போனை ஏன் எடுப்பதில்லை என்று பக்கத்து வீட்டு மெஹர்பானுவிடம் தூது விட்டீர்களாமே. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ கொட்டுவேன். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்க முடியாது.

லீவில் வந்திருந்தபோது, உங்கள் அண்ணன் மகள் கார்த்திகாவின் நிச்சயத்தில், அத்தனை சொந்தபந்தத்துக்கும் முன்னால் என்ன சொன்னீர்கள்? “எம் பொண்டாட்டி ஒரு குப்பைக்காரி. அடுத்த வீட்டுப் பால் கவரக்கூட கழுவிக் காயப்போடுவா.” எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வருடமாக நானும் மெஹர்பானுவும் பதினோரு வீட்டுப் பிளாஸ்டிக்கைக் கழுவிப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறோம். அதில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை என்பது என் பெருமை. சிரிக்க என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
குப்பைக்காரி

சென்னை
19.6.2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

அப்படிச் சொன்னது தப்பு. மன்னித்துவிடு. ஆனால் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபீஸில் உட்கார்ந்து அந்தமானுக்குப் போகும் கன்டெய்னர்களுக்கு புக்கிங் போடுகிறவன் நான். ஒரு கப்பலில் போகும் தண்ணீர் பாட்டிலை நீ ஆயுள் முழுக்கக் கழுவினாலும் தீராது. கொண்டுவந்து கொட்டுகிறவன் சும்மா இருக்க, சோப்புத் தண்ணீரில் உன் கை தோல் உரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. அதைத்தான் கோணலாகச் சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

கோவிந்தராஜ்

லம்பா லைன்
5.7.2025

கௌதமின் அப்பாவுக்கு,

கௌதம் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறான். இனி என் கதை.

போன திங்கட்கிழமை ஆட்டோ பிடித்துக் குப்பை வண்டியின் பின்னாலேயே போனேன். நாங்கள் பிரித்துக் கொடுத்த மூட்டைகளை அவிழ்த்து, மீன் கழிவும் சாணியும் கிடந்த அதே குப்பைமேட்டில் டிரைவர் கொட்டினார். சண்டைக்குப் போனேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? “நான் எங்க கொண்டுபோவேன் பாபிஜி? இத உருக்குற ஃபேக்டரி மெயின்லேண்ட்லதான் இருக்கு. கப்பல் வர்றப்போ ஃபுல், போறப்போ காலி. ஆனா இத ஏத்த ஒருத்தனும் தயார் நஹி” என்றார்.

ஆறு வருட வேலை. ஆட்டோவிலேயே அழுதேன். நீங்கள் சொன்னது பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அந்தக் காலி கன்டெய்னர்களுக்கு புக்கிங் போடுவது யார்?

கழுவுவது என் பாடு. ஏற்றுவது உங்கள் பாடு.

ஜெயமணி

சென்னை
24.7.2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பயம்தான். பிறகு முதலாளி ஹரிஹரனிடம் கேட்டேன். “குப்பை ஏத்தின பெட்டியில அடுத்து அரிசி ஏத்துறவன் என்னைச் சும்மா விடுவானா?” என்று கத்தினார். கழுவிக் காய்ந்த சரக்கு, ஒரு பொட்டு நாற்றம் வந்தாலும் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு கன்டெய்னர். ஆகஸ்ட் கடைசியில் அங்கிருந்து கிளம்பும்.

அங்கே இது மழைக்காலம் என்பது அப்புறம்தான் உறைத்தது. எப்படிக் காயவைப்பாய்?

கோவிந்தராஜ்

சென்னை
3.9.2025

என் ஜெயமணிக்கு,

நேற்று கன்டெய்னரைத் திறந்தார்கள். ஹரிஹரன் ஒரு மூட்டையைத் தானே அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தார். “என்னய்யா, சோப்பு வாசனை வருது!” என்றார். பதினோரு வீடு இருபத்தாறாகி, அத்தனை வீட்டுப் பெண்களும் ஹாலில் கொடி கட்டி, ராத்திரி பகலாக ஃபேன் போட்டுக் காயவைத்ததாக மெஹர்பானு போனில் சொன்னாள். நீ சொல்லவில்லையே.

மூட்டை வாயில் மஞ்சள் துணி முடிச்சு. அபர்டீன் பஜாரில் நான் எடுத்துக் கொடுத்த சேலைதானே அது? கிழிக்க வேறு சேலை கிடைக்கவில்லையா உனக்கு? ஆனாலும் அந்த முடிச்சைப் பார்த்ததும் லோடு இறக்குகிறவர்களைக் கூப்பிட்டு, “இது என் வீட்டுக்காரம்மா கட்டினது” என்று எல்லோரிடமும் காட்டிவிட்டுத்தான் உருக்குகிற ஃபேக்டரிக்கு அனுப்பினேன்.

இனி பாட்டில் ஏற்றுகிறவர்கள், காலிப் பாட்டிலைத் திருப்பி ஏற்றச் சம்மதம் என்று புக்கிங் ஃபாரத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரியை நான்தான் சேர்த்தேன். ஹரிஹரன் ஒத்துக்கொண்டார். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள், ஒருவர் சண்டை போடுகிறார். போடட்டும். நம் ஆபீஸ் ஒன்றுதான், இருந்தாலும் தொடங்கிவிட்டது. நீ கழுவியிருக்காவிட்டால் அந்த வரி எழுத எனக்கு வாய் ஏது?

கார்த்திகா கல்யாணத்துக்கு வருகிறேன். அதே சொந்தபந்தம் முன்னால் இதை நானே சொல்வேன்.

இப்படிக்கு,
குப்பைக்காரியின் புருஷன்

லம்பா லைன்
12.9.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் தெருவுக்கே படித்துக் காட்டிவிட்டேன், கடைசிக் கையெழுத்து உள்பட. மெஹர்பானு இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நீங்கள் பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டீர்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பெருமை.

கல்யாணத்துக்கு வரும்போது ஒரு மஞ்சள் சேலை எடுத்து வாருங்கள். கிழிக்க இல்லை, கட்டிக்கொள்ள.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணுங்கள். எடுக்கிறேன். ஆனால் நான் முடிக்கும்வரை நீங்கள் ‘ம்’ மட்டும்தான் கொட்ட வேண்டும்.

ஜெயா