விருந்துக்கு முந்தைய வாரம்

மார்ச் 4, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை விருந்து. மகளுக்குப் பேசியிருக்கும் பையனின் வீட்டாரை மறுபடி பார்க்க வேண்டும். போன முறை உணவகத்தில் பத்து நிமிடம்கூட உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்ல போல. தலைக்கனம்" என்று சொன்னார்களாம். கல்யாணத் தேதி குறிக்காமல் அப்படியே நிற்கிறது. தலைக்கனமாம்! பல் செட் செய்யும் பட்டறையில் நாள் முழுக்க பிளாஸ்டரில் வார்த்த வாய்களோடு உட்கார்ந்திருப்பவன் நான். அந்த வாய்கள் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

மார்ச் 6, புதன்

ஞாயிற்றுக்கிழமைக்கான பயிற்சி தொடங்கியாயிற்று. வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தல். மூச்சை மெல்ல விடுதல். பிறகு இஸ்திரி — அதைப் போட்டால்தான் மனம் கொஞ்சம் அடங்கும். சட்டைகள் தீர்ந்து, தலையணை உறைகள் தீர்ந்து, கைக்குட்டைக்கு வந்துவிட்டேன். "விட்டா என்னையும் தேய்ச்சு மடிச்சு வச்சுடுவீங்க" என்றாள் மனைவி. சிரிப்பு வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

அவர்களிடம் கேட்க நாலைந்து கேள்விகள் தயார் செய்து கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

தூக்கமில்லை.

மார்ச் 9, சனி

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நாளைக்கு நீங்க வர வேணாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன். அம்மா இருந்தா போதும்." அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது 'அப்பாடா'. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

அவள் எழுந்து போன பிறகுதான் உறைத்தது. போதுமாமே? நான் இல்லாமலே போதுமா? பெத்தவன்னு நான் எதுக்கு இருக்கேன் — இஸ்திரி போடவா?

மார்ச் 10, ஞாயிறு

எப்போதும் மனதைத் தயார்படுத்தி முடிப்பதற்குள் நேரமாகிவிடும். நான் நுழையும்போது மேசை நிறைந்திருக்கும், எல்லாத் தலையும் திரும்பும். இன்று வெந்நீர் இல்லை, இஸ்திரி இல்லை. யாரிடமும் சொல்லாமல் முதல் ஆளாக உணவகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராக வந்தால் சமாளிக்கலாம் என்று ஒரு நப்பாசை.

அடுத்து வந்தது பையனின் அம்மா. ஏற்பாடுகளைப் பார்க்க முன்னதாகவே வந்தாராம். நின்றபடியே கேட்டார்: "எங்க மேல என்ன கோபம் உங்களுக்கு?"

தயார் செய்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. "கோபமில்லீங்க. நாலு பேரு சேர்ந்தாலே எனக்குப் பயம். மூச்சு முட்டுது. அதான் ஓடிட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எங்க பையன் அதுலேருந்து சரியா சாப்பிடக்கூட இல்ல." பாதி கோபம், பாதி அழுகை. நான் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மகள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு வேகமாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏம்பா இப்படி நடுங்குது?"

"நடுங்கட்டும். நீ உட்காரு."

மார்ச் 14, வியாழன்

தேதி குறித்தாயிற்று. வரும் ஞாயிறு அவர்கள் எல்லோரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள், பையனின் அத்தை, மாமா உட்பட. கூப்பிட்டது நான்தான்.