ஸ்டான்லிக்கும் ஒரு டிக்கெட்

வியாழன், இரவு

எங்களுக்குப் பிடித்த அந்தக் கிழ இசைக்கலைஞர் அடுத்த மாதம் பேஸ் கிட்டாரோடு பெங்களூருக்குக் கச்சேரி செய்ய வருகிறார். ஜாஸ் ஃபியூஷன் இசை என்றால் எனக்கும் ஸ்டான்லிக்கும் காலேஜிலிருந்தே அவர்தான். இன்று லிங்கராஜபுரத்தில் அவன் வீட்டுக்குப் போய், டிக்கெட் எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"ஸ்பீக்கர் பக்கத்துல நிப்போம்டா. காதுல விழலைன்னாலும் நெஞ்சுல அதிரும்ல," என்றான். அவனுக்கு ஒரு காது போய்விட்டது; மற்றதில் பாதிதான் கேட்கிறது, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. சரி என்றேன்.

கிளம்பும்போது அவன் மனைவி மேரி வாசல் வரை வந்தாள். "பெரிய சத்தம் பட்டா இருக்கிறதும் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காருண்ணா. அவரைக் கூட்டிட்டுப் போகாதீங்க," என்றாள். அவளிடமும் சரி என்றேன்.

நான் மறுத்தால் தனியாகவே போவான். போகாவிட்டால் மட்டும் அந்தக் காது எத்தனை நாளைக்கு?

சீக்கிரமே போய் முன்னால் இடம் பிடிக்கணும் என்று இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறான். ஒரு தம்ஸ் அப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.